பூட்டையே கழற்றும் சாவி

மூன்று வாரமாக நான் இங்கே ஒன்றும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு சாவி.

சென்னையில் நான் பராமரிப்புப் பொறுப்பு வகிக்கும் அலுவலகக் கட்டடத்தில் 142 கதவுகள் இருக்கின்றன. அந்த 142 கதவுகளும் காலையில் திறந்து இரவில் பூட்டிக்கொண்டு, வாடகைக்கு இருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் தம் கடமையைச் செய்துகொண்டிருந்தபோதே, அவற்றுள் ஒன்றையும் திறப்பதற்கென்று ஏற்படாததும், ஆனால் அவை அத்தனையின்மேலும் அதிகாரம் உடையதுமான ஒரு சாவி காணாமற்போயிருக்கிறது என்று அறிந்த நாள் முதல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதற்குக் கண்ட்ரோல் சாவி என்று பெயர். மற்றச் சாவிகள் பூட்டைத் திறக்கும். இது பூட்டின் உயிரையே கழற்றி வெளியே எடுக்கும்.

(பொறுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.)

ஆரணியை அடுத்த சேவூரில் எங்கள் வீடு தறிவீடு. பட்டும் ஜரிகையும் எடைபோட்டுக் கணக்கில் வாங்கி வருகிற பொருள்கள் ஆகையால், அவை தறிமேல் ஏறும்வரை தாத்தாவின் மரப்பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பெட்டிக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று போட்டிருக்கும். அதன் சாவி பாட்டியின் இடுப்பில் இருக்கும். நான் நான்காம் வகுப்புப் படித்த காலத்தில் ஒருநாள், தண்ணீர் சேந்தும்போது அந்தச் சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் அகப்படவில்லை. மறுநாள் காலை தறிக்கு ஜரிகை வேண்டும். தாத்தா வேறு வழியில்லாமல் நாதாங்கியை ரம்பத்தால் அறுத்தார். பூட்டு அறுபடவில்லை, அதன் கெட்டித்தனம் அப்படி, அறுபட்டது பெட்டிதான். இன்றும் அந்த மரத்தில் ரம்பத்தின் வடு இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வடுதான்.

சாவி தொலைந்தால் பெட்டியை அறுக்க வேண்டும், சாவி அந்நியர் கைக்குப் போனால் பூட்டையே தூக்கி எறிய வேண்டும் என்ற நிலைமை ஒரு பெட்டிக்குச் சரி. நூறு கதவுள்ள கட்டடத்துக்கு அது கட்டுப்படியாகுமா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பள்ளிக்கூடங்களில் கட்டடப் பராமரிப்பு ஊழியராக வேலை பார்த்த பிராங்க் பெஸ்ட் என்பவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்திருக்கிறது. நினைத்துப் பாருங்கள்: பூட்டுத் தொழிற்சாலை முதலாளிக்கும் பொறியியல் பேராசிரியருக்கும் தோன்றாத யோசனை, கதவு கதவாக ஏறி இறங்கி, கனத்த சாவிக் கொத்தைச் சுமந்து, ஒரு வாத்தியார் சாவியைத் தொலைத்தால் அந்தப் பூட்டைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிய ஒரு மனிதருக்குத்தான் தோன்றியது. சாவி நுழைகிற பாகம் தனியாகவும், கதவோடு பொருந்திய பூட்டுடல் தனியாகவும் இருந்தால் என்ன? 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அதைச் செய்து காட்டினார். தம் பெயரிலேயே தொழில் தொடங்கினார். அந்தத் தொழில் பிற்பாடு இண்டியானாபொலிஸ் நகரத்துக்குப் பெயர்ந்து உலகமெங்கும் பரவியது. நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில், ஒரு பராமரிப்பு ஊழியர் கண்டுபிடித்த உபாயம் இது என்று ஒருவர் சொல்லக் கேட்டபோது அடைந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

தனியே கழலும் அந்தப் பாகத்தைத் தொழிலில் கோர் என்பார்கள். நான் கரு என்றே சொல்லப் போகிறேன், அதுதான் பொருத்தமாக இருக்கிறது. 8 என்ற எண்ணின் வடிவத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கட்டி அது. கதவுப் பிடியிலும் அதே கரு, கண்ணாடிக் கதவின் தாழிலும் அதே கரு, மொட்டை மாடித் தொங்குபூட்டிலும் அதே கரு. ஒரு அலுவலகம் காலி செய்துகொண்டு போனால், அவர்கள் எத்தனை டூப்ளிகேட் சாவி போட்டு வைத்திருந்தாலும் கவலையில்லை; கருவை உருவிவிட்டு வேறொரு கருவைச் சொருகினால் அரை நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். அந்த உருவுகிற அதிகாரம்தான் கண்ட்ரோல் சாவிக்கு உரியது. மற்றச் சாவிகளைப் போலவே அதைச் சொருகுகிறோம். வலப்பக்கமாகப் பதினைந்து பாகை அளவுக்கு, அதாவது கடிகாரத்தில் இரண்டரை நிமிஷம் நகர்கிற தூரத்துக்குத் திருப்புகிறோம். கருவின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அதைப் பூட்டுடலோடு பிணைத்திருக்கும் சிறு நாக்கு உள்ளே மடங்குகிறது. சாவியைப் பிடித்து இழுத்தால் கரு முழுதும் சாவியோடு வந்துவிடுகிறது. வெறும் ஓட்டை தெரிகிறது. அந்த ஓட்டைக்குள் ஒரு திருப்புளியை விட்டுத் திருப்பினால் கதவும் திறந்துகொள்ளும்.

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து மறுபடி படியுங்கள். கதவைத் திறப்பதற்காக ஏற்பட்டதல்ல என்று நான் முதலில் சொன்ன சாவி, எல்லாக் கதவுகளையும் திறக்கும் மாஸ்டர் சாவியைவிடப் பெரிய சாவி என்பது அதனால்தான்.

எங்கள் கட்டடத்தில் அது எப்படித் தொலைந்தது? பராமரிப்பை முன்பு நடத்தியவர்கள் போய் அடுத்தவர்கள் வந்தபோது, சாவிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கைமாற்றப்பட்டன. பட்டியல் இருந்தது, பட்டியலில் 'கண்ட்ரோல் – 1' என்று எழுதியும் இருந்தது, டப்பாவில் அது இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, மூன்றாம் மாடியில் ஒரு அறையின் பூட்டை மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் வந்த பிறகே விஷயம் வெளிப்பட்டது. இரண்டு வருஷம்! அந்தச் சாவி ஏதாவது ஒரு மேசை அறையின் மூலையில் கிடக்கிறதா, யாருடைய பையிலாவது இருக்கிறதா என்று சொல்லக்கூடியவர் எவரும் இல்லை.

கருக்களைத் துளைபோட்டு எடுத்துவிட்டு அத்தனையும் புதிதாக வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. செலவைக் கேட்ட நிர்வாகி மௌனமாகிவிட்டார். அப்பொழுதுதான் ஸ்டோர் அலமாரியில், எந்தக் கதவிலும் பொருத்தப்படாமல், காகிதம் சுற்றிய ஒரு உபரிக் கரு இருப்பதைக் கண்டேன். இதே கட்டடத்தின் வரிசையைச் சேர்ந்தது. ஒரு கட்டடத்தின் கருக்களுக்கெல்லாம் கண்ட்ரோல் சாவி ஒன்றே. ஆகவே இந்த ஒன்றின் வயிற்றைத் திறந்து பார்த்தால் 142-இன் ரகசியமும் தெரிந்துவிடும். நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, கருவையும் நாலைந்து வெட்டாத சாவிகளையும் ஒரு உறையில் வைத்து, ஆடிக் கிருத்திகை விடுமுறைக்குச் சேவூர் வந்து சேர்ந்தேன்.

இனி வருவது என் பிரயாசையின் கதை, பொறுமையாகப் படியுங்கள்.

தறிக்கூடத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து உட்கார்ந்தேன் (ஸ்பிரிங்குகள் எள்ளைவிடச் சற்றே பெரியவை, சிமெண்டுத் தரையில் விழுந்தால் கண்டெடுப்பது கடினம்). கருவுக்குள் வரிசையாக ஏழு குழிகள். ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஒரு நுண்ணிய துளை. அதன் வழியே மெல்லிய கம்பியால் மேல்நோக்கித் தட்டினால், மேலே அடைத்திருக்கும் பித்தளை மூடியோடு உள்ளிருப்பதெல்லாம் வெளியே வரும். அதற்கென்றே கருவி உண்டு; என்னிடம் இல்லை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை அரத்தால் தேய்த்து அந்த இடத்தில் வைத்தேன். வேலை செய்தது. ஆனால் ஏழு குழியிலிருந்து வருகிற துண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எல்லாம் வீண் அல்லவா? என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் குழிப்பணியாரச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அதிலும் ஏழு குழி!

ஒரு குழிக்குள் இருப்பவை கீழிருந்து மேலாக இவை: சாவியைத் தொடும் கீழ்ப்பின், மாஸ்டர் சாவிக்காக இடையிலே வைத்த சிறு வட்டத் தகடு, அதன்மேல் கண்ட்ரோல் பின், அதற்கும்மேல் மேற்பின், பிறகு ஸ்பிரிங். 1860-களில் லைனஸ் யேல் செம்மைப்படுத்திய பின் பூட்டில் பின்கள் பிரிய வேண்டிய எல்லைக்கோடு ஒன்றுதான். சரியான சாவி நுழைந்தால் எல்லாப் பின்களும் அந்தக் கோட்டில் ஒழுங்காகப் பிரிந்து, சாவி நுழைந்த உருளை சுழலும். பெஸ்ட் செய்த சாமர்த்தியம், உருளையைச் சுற்றி இன்னொரு உறையைப் போட்டு, இரண்டாவது எல்லைக்கோடு ஒன்றை ஏற்படுத்தியது. சாதாரணச் சாவியும் மாஸ்டர் சாவியும் பின்களை உள்கோட்டில் பிரிக்கின்றன, உருளை மட்டும் சுழல்கிறது. கண்ட்ரோல் சாவி அவற்றை வெளிக்கோட்டில் பிரிக்கிறது, உருளையோடு உறையும் சேர்ந்து திரும்புகிறது. அந்த உறையில்தான் நாக்கு இருக்கிறது. ஒரே துவாரம், ஒரே பின் வரிசை, இரண்டு கோடு. (ஜக்கார்டுப் பெட்டியின் அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அதற்கேற்ற இழை மட்டும் எழும்புவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவனுக்கு, சாவியின் வெட்டுக்கேற்பப் பின் எழும்புவது ஒன்றும் புதிதல்ல.)

இப்பொழுது கணக்கு. இந்த வகையில் அதிகம் புழங்கும் அளவுமுறையில் ஒரு படி என்பது 0.3175 மில்லிமீட்டர். சாவியின் ஒவ்வொரு வெட்டுக்கும் 0 முதல் 9 வரை ஒரு எண். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் பத்துப் படி. ஒரு குழியில் உள்ள பின்களின் எண்களையெல்லாம் கூட்டினால் 23 வர வேண்டும். எந்தக் குழியானாலும் 23தான். உதாரணமாக, அறைச் சாவியின் வெட்டு 3, மாஸ்டரின் வெட்டு 5, கண்ட்ரோலின் வெட்டு 1 என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பின் 3. இடைத்தகடு 2. கண்ட்ரோல் பின், 1-உடன் பத்தைக் கூட்டி 5-ஐக் கழிக்க, 6. மேற்பின் 12. கூட்டிப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு சூட்சுமம் புலப்படுகிறது. மேற்பின்னின் எண் எப்பொழுதும் 13-இலிருந்து கண்ட்ரோல் வெட்டைக் கழித்த மீதிதான். மற்றச் சாவிகள் எப்படி இருந்தால் என்ன? மேற்பின்களை மட்டும் வெர்னியரால் அளந்தால் போதும். 3.81 மில்லிமீட்டர் நீளமிருந்தால், அது 12. ஆகவே வெட்டு 1. பணியாரச் சட்டியின் ஏழு குழியிலிருந்தும் ஏழு மேற்பின்களை எடுத்து அளந்து எழுதினேன். (அந்த ஏழு எண்களை இங்கே எழுத மாட்டேன்.)

சாவி வெட்டுவதில்தான் இரண்டு முறை தோற்றேன். ஆரணியில் சாவிக்கடை அண்ணனிடம் எங்கள் கட்டடத்துச் சாவி ஒன்றைக் கொடுத்து, இயந்திரத்தில் இதைப் பிரதி எடுக்க முடியுமா, கண்பழக்கத்துக்குப் பார்க்கலாம் என்றேன். அவர் வழக்கப்படி சாவியின் தோளைக் கணக்காக வைத்துக் கவ்வியில் பிடிக்கப் பார்த்தார்.

"இன்னா சார் இது, தோளே இல்லையே இதுக்கு? எதைப் பிடிச்சு அளவு வைக்கிறது?" என்றார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்தச் சாவிக்குத் தோள் கிடையாது. துவாரத்துக்குள் இதன் நுனி முட்டிய இடத்தில் நிற்கும். அளவெல்லாம் நுனியிலிருந்துதான். அதை அப்பொழுது அறியாமல் உத்தேசமாகப் பிடித்து வெட்டிய முதல் பிரதி உள்ளே போயிற்று, திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, நானே அரத்தால் ராவிய இரண்டாவதில் வெட்டுகளின் வரிசையைக் கைப்பிடிப் பக்கமிருந்து எண்ணிவிட்டேன், அதுவும் போயிற்று. மூன்றாவதை நுனியிலிருந்து அளந்து, முதல் வெட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர், பிறகு வெட்டுக்கு வெட்டு 3.81 மில்லிமீட்டர் என்று கோடு கிழித்து, ஒரு இரவு முழுதும் ராவினேன். பின்களை அதது குழியில் மறுபடி இட்டு மூடி, விடியற்காலையில் சாவியைச் சொருகித் திருப்பினேன்.

நாக்கு உள்ளே மடங்கியது.

தெருவில் அப்பொழுது பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் மாற்றுவதற்கு இத்தனை ஏற்பாடு என்று விளக்கினேன். அவர் வியப்படையவில்லை.

"நாம செய்யறதுதானேப்பா. சேலை அறுத்து முடிஞ்சா, விழுதையும் பண்ணையையும் அவுத்தா போடறோம்? பழைய பாவோட நுனியில புதுப் பாவைப் பிணைச்சு இழுத்துக்கறோம். தறி தறியாவே இருக்குது" என்றார்.

நான் முப்பது வருஷமாகக் கண்ணால் கண்ட காரியம் அது. ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகத் தறியின் விழுதிலும் பண்ணையிலும் கோப்பதற்குப் பதில், பழைய இழையின் நுனியோடு புது இழையை முறுக்கிச் சேர்த்து முன்னே இழுத்துவிடுவது. ஒரு இழை மாறிப் பிணைத்தாலும் சேலையின் முழு நீளத்துக்கும் அந்தத் தப்பு ஓடும் என்பதனால், பிணைக்கிறவர்களோடு அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

சென்னை திரும்பியதும் வேலை முடிந்துவிடவில்லை. தொலைந்த சாவி தொலைந்ததுதான். அதன் எண்கள் உயிரோடு இருக்கும்வரை அபாயமும் இருக்கிறது. ஆகவே கண்ட்ரோலுக்குப் புதிய ஏழு எண்களை நிச்சயித்து, 142 கருக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்களை மாற்றி, திரும்பப் பொருத்த வேண்டியிருந்தது. அறைச் சாவிகளும் மாஸ்டரும் மாறவில்லை. அலுவலகங்களில் ஒருவருக்கும் தொந்தரவில்லை. முதல் நாளே ஒரு பிழை செய்தேன். மேசைமேல் வைத்து அறைச் சாவியைப் போட்டுப் பார்த்தேன், சுழன்றது. திருப்தியோடு ஐந்தாம் மாடிக்கு எடுத்துப் போனேன். கண்ட்ரோல் சாவி திரும்பவில்லை. நாக்கு நீட்டியபடியே நிற்க, கரு உள்ளேயே நுழையவில்லை. இறங்கி வந்து பிரித்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு குழியில் 25. மாஸ்டரின் வெட்டைக் கழிப்பதற்குப் பதிலாக அறைச் சாவியின் வெட்டைக் கழித்திருக்கிறேன். அன்று முதல், கண்ட்ரோல் சாவியை முதலில் சோதிக்காமல் எந்தக் கருவையும் மேசையிலிருந்து எடுத்ததில்லை.

கழற்றும்போது இன்னொன்றும் அகப்பட்டது. கட்டடம் கட்டுகிற காலத்தில் தற்காலிகக் கருக்களைப் பொருத்தி, வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில் அவற்றை எடுத்துவிட்டு நிரந்தரக் கருக்களைப் போடுவது முறை. அப்பொழுதுதான் கொத்தனார் முதல் மின்வேலைக்காரர் வரை எல்லோரிடமும் இருக்கும் சாவிகள் செல்லாமற்போகும். எங்கள் கட்டடத்தில் நான்கு கதவுகளில் அந்தத் தற்காலிகக் கருக்கள் அப்படியே இருந்தன. ஒன்று, மின் மீட்டர் அறை. எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் அடக்க முடியாது.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு சாவியோ ஒரு கருவோ அந்நியர் கையில் இருந்தாலே ஆபத்துதான். மாஸ்டர் சாவிமுறையில் உள்ள ஒரு பலவீனத்தைக் கணிப்பொறித் துறையைச் சேர்ந்த மேட் பிளேஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2003-இல் விரிவாக எழுதினார்: ஒரே ஒரு அறையின் சாவியும், அந்தப் பூட்டை அணுகும் அவகாசமும் உள்ளவன், சில வெற்றுச் சாவிகளைச் செலவழித்து மாஸ்டரின் எண்களைக் கண்டுபிடித்துவிட முடியும். ஸ்டோரில் காகிதம் சுற்றிக் கிடந்த ஒரு கருவை வைத்து நான் இரண்டு இரவில் செய்ததை வேறொருவர் செய்யமாட்டாரா? ஆகையால் உபரிக் கருவும் சாவிக்குச் சமானம் என்பது என் அபிப்பிராயம். அதைத் திருகாணிகளோடு சேர்த்து அலமாரியில் போடக் கூடாது.

பூரி ஜகந்நாதர் ஆலயத்து ரத்தின பண்டாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளறையின் சாவியைக் காணோம் என்பது 2018-இல் வெளிப்பட்டு நாடெங்கும் பேச்சாயிற்று. 2024 ஜூலை 14 அன்று திறக்கச் சென்றபோது கைவசம் இருந்த மாற்றுச் சாவிகளால் உள்ளறை திறக்கவில்லை. பூட்டுகளை உடைக்க நேர்ந்தது. அத்தனை பெரிய பொக்கிஷத்துக்கே அந்தக் கதி. வங்கி லாக்கரில் வங்கியின் சாவி ஒன்று, நம் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும் என்ற ஏற்பாட்டை நாம் இயல்பாக ஒப்புக்கொள்கிறோமே, கட்டடத்தின் கண்ட்ரோல் சாவிக்கும் ஏன் அப்படி ஒரு மரியாதை இருக்கக் கூடாது? மாஸ்டரோடு ஒரே வளையத்தில் கோக்காமல், அரக்கு வைத்த உறையில், இருவர் கையெழுத்தோடு, எடுத்த நாளும் வைத்த நாளும் எழுதிய பதிவேட்டோடு.

எங்கள் நிர்வாகியிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை 142-ஆவது கருவை, மொட்டை மாடித் தொங்குபூட்டில், அந்திநேரத்தில் பொருத்தினேன். புதுச் சாவியையும் எண்கள் எழுதிய காகிதத்தையும் வெவ்வேறு உறைகளில் இட்டு, அரக்கு உருக்கி, அவர் முன்னிலையில் முத்திரை வைத்தோம். பழைய எண்களில் நான் ராவிய சாவியை நடுவில் வெட்டி இரண்டாக்கினேன். இனி அது ஒன்றையும் கழற்றாது. ஒரு பாதியை நிர்வாகியின் கோப்பில் சேர்த்துவிட்டு, மறுபாதியை அவர் சம்மதத்தோடு சேவூருக்கு எடுத்து வந்தேன். தாத்தாவின் மரப்பெட்டிக்குள் இருக்கிறது.

அம்மா பணியாரச் சட்டியைத் திரும்பக் கேட்டுவிட்டாள்.